மூடி இல்லாத பாட்டிலும் 66 பவுண்ட் டிக்கெட்டும்: இங்கிலாந்து கால்பந்து மைதானங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில். வெஸ்ட் ஹாம் அணியின் பழைய மைதானம் 2016 வரை இங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. மேட்ச் நாளில் கிரீன் ஸ்ட்ரீட்டில் காய்கறி வாங்கப் போனால் கூட்டத்தில் நீந்தித்தான் வர வேண்டும். இப்போது அணி ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போய்விட்டது, தெரு அமைதியாகிவிட்டது. ஆனால் ஊரிலிருந்து வரும் போன்கள் நின்றபாடில்லை. ராத்திரி கண்விழித்து இங்கிலாந்தின் முதல் நிலைக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக் பார்க்கிற அக்கா பிள்ளைகள், லண்டனுக்குச் சுற்றுலா வரத் திட்டமிடும் நண்பர்கள், எல்லோரும் திரும்பத் திரும்ப இரண்டைத்தான் கேட்கிறார்கள். டிக்கெட் ஏன் இந்த விலை? உள்ளே ஏன் இத்தனை கெடுபிடி? இரண்டும் தனித்தனிக் கேள்வி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

ஒரு பிரீமியர் லீக் மேட்ச் பார்க்க எவ்வளவு ஆகும்?

கிளப்பைப் பொறுத்தது, எதிரணியைப் பொறுத்தது, நீங்கள் யார் என்பதையும் பொறுத்தது. பெரிய கிளப்கள் மேட்சுகளைத் தரம் பிரித்து வைத்திருக்கின்றன. சின்ன அணி வந்தால் ஒரு விலை, பெரிய அணி வந்தால் வேறு விலை. அதே இருக்கை, அதே 90 நிமிடம்தான். பருவம் முழுக்கச் செல்லும் சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு ஒரு மேட்சுக்கு வருகிற செலவு குறைவு. ஆனால் அது கிடைக்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சீசன் டிக்கெட் இல்லாதவர் முதலில் உறுப்பினர் சந்தா கட்ட வேண்டும். அதைக் கட்டினால் டிக்கெட் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். வரிசையில் நிற்கிற உரிமைக்குத்தான் அந்தக் காசு.

ஓர் உதாரணம். 2024 இறுதியில், பருவம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, மான்செஸ்டர் யுனைடெட் உறுப்பினர்களுக்கு விற்கும் மிச்ச டிக்கெட்டுகளை எல்லாம் 66 பவுண்ட் ஆக்கியது. நம் காசுக்கு ஏழாயிரம் ரூபாய்க்கு மேல். அதற்கு முன் பெரியவர்களுக்கு 40 பவுண்டிலிருந்து, பிள்ளைகளுக்கு 25 பவுண்டிலிருந்து கிடைத்தது. ஓய்வூதியக்காரருக்கும் சிறுவருக்கும் இருந்த சலுகையை ஒரே அடியில் எடுத்துவிட்டார்கள். பத்து வயதுப் பையனும் 66, எழுபது வயதுத் தாத்தாவும் 66.

உச்சம் வேண்டுமானால் லண்டனின் ஃபுல்ஹாம் கிளப்பைப் பாருங்கள். தேம்ஸ் நதிக்கரையில் புதிதாகக் கட்டிய ஸ்டாண்டில் சீசன் டிக்கெட்டை 3,000 பவுண்டுக்கு விற்றார்கள். கோப்பை வென்று பழகிய கிளப் கூட இல்லை அது.

இது உழைக்கும் மக்களின் ஆட்டம் என்று படித்திருக்கிறேனே?

அப்படித்தான் இருந்தது. சனிக்கிழமை மதியம் வரை ஆலை, அப்புறம் மூன்று மணிக்கு மேட்ச். மூன்று மணி என்ற நேரமே அந்த வழக்கத்திலிருந்து வந்ததுதான். 1989-90 பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் மிகக் குறைந்த டிக்கெட் மூன்றரை பவுண்ட். 2010-11இல் அதே மைதானத்தில் மிகக் குறைந்தது 28. எட்டு மடங்கு. பாலும் ரொட்டியும் அந்த இருபது வருடத்தில் எட்டு மடங்கு ஏறவில்லை.

நடுவில் நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு துயரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விலைக்கும் கெடுபிடிக்கும் வேர் ஒன்றே என்பதும் அங்கேதான் தெரியும்.

ஹில்ஸ்பரோ என்கிறார்களே, அதுவா?

அதுதான். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. நின்று பார்க்கும் பகுதியைக் கம்பி வேலியால் பட்டி பட்டியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆட்டுப் பட்டிதான், வேறு சொல் இல்லை. வெளியே நெரிசல் கூடியதும் போலீஸ் ஒரு வாசலைத் திறந்துவிட்டது. வந்தவர்கள் ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப் பட்டிகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். முன்னால் வேலி, பின்னால் கூட்டம். 97 பேர் இறந்தார்கள். காயங்களோடு முப்பது வருடத்துக்கு மேல் போராடிய கடைசி நபர் இறந்தது 2021இல்.

பழியை ரசிகர்கள் மேல் போட்டார்கள். குடித்துவிட்டு வந்தார்கள், தள்ளினார்கள் என்று போலீஸ் சொன்னது, பத்திரிகை எழுதியது. அது பொய் என்று ஒரு ஜூரி தீர்ப்புச் சொல்ல 2016 ஏப்ரல் வரை 27 வருடம் ஆனது. அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை என்றது தீர்ப்பு.

இந்தத் துயரத்தை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் தந்த இறுதி அறிக்கைதான் இன்றைய மைதானத்தின் அடித்தளம். வேலி போனது. மேல் இரண்டு டிவிஷன்களிலும் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும் மைதானங்கள் வந்தன. உயிர் காத்த சீர்திருத்தம், அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. இருக்கை போடுவதைச் சாக்காக வைத்து விலையை ஏற்றிவிடக் கூடாது, நின்று பார்க்கிறவர் பைக்குத் தாங்குகிற இருக்கைகள் இருக்க வேண்டும் என்று டெய்லர் எழுதினார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் இருக்கைக்கு 6 பவுண்ட், நிற்பதற்கு 4 பவுண்ட் என்று எடுத்தும் காட்டினார்.

கிளப்கள் அறிக்கையின் முதல் பாதியை நிறைவேற்றின.

உட்கார்ந்துதான் பார்க்க வேண்டுமா? டிவியில் எல்லோரும் நிற்கிறார்களே?

நிற்பார்கள், குறிப்பாக வெளியூர் ரசிகர்கள் 90 நிமிடமும் நிற்பார்கள். விதிப்படி தவறு, நடைமுறையில் யாரும் தடுப்பதில்லை. பல வருடம் இந்தக் கூத்துதான் ஓடியது. மஞ்சள் ஜாக்கெட் போட்ட மைதான ஊழியர் வந்து உட்காருங்கள் என்பார், முன்வரிசை உட்காரும், அவர் நகர்ந்ததும் எழுந்துவிடும். இருக்கையின் முதுகு முழங்கால் உயரம்தான். கோல் விழுந்ததும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து தாடையிலோ முழங்காலிலோ அடிபடும்.

தீர்வு ஜெர்மனியில் ரொம்ப நாளாகவே இருந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பு உயரத்தில் கம்பி, மடித்துப் பூட்டக்கூடிய இருக்கை. நின்றாலும் முன்னால் சாய முடியாது. 2022 ஜனவரி 2 அன்று செல்சீ - லிவர்பூல் ஆட்டத்தில்தான் பிரீமியர் லீக் ரசிகர்கள் ஏறக்குறைய முப்பது வருடத்துக்குப் பிறகு மறுபடி சட்டப்படி நின்றார்கள். 2022-23 முதல் மற்ற கிளப்களுக்கும் வழி திறந்தது. ஹில்ஸ்பரோவில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களில் சிலருக்கு இது ஒப்புதலில்லை. அவர்களிடம் போய் வாதாட எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பழைய பட்டியும் இந்தக் கம்பி வரிசையும் ஒன்றல்ல.

பீர் குடித்துக்கொண்டே பார்க்க முடியாதாமே? கிரிக்கெட்டில் குடிக்கிறார்களே?

கேள்வியில் உள்ள பொருமல் நியாயமானது. 1985இல் கால்பந்துக்காகவே ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஆடுகளம் கண்ணில் படுகிற இடத்தில் மது கூடாது. ரசிகர்களை ஏற்றிவரும் தனிப் பேருந்திலும் கூடாது. லார்ட்ஸில் கிரிக்கெட்டுக்கும் ட்விக்கனமில் ரக்பிக்கும் அந்தத் தடை கிடையாது. அதே ஆள் சனிக்கிழமை ரக்பியில் கையில் கோப்பையோடு உட்காரலாம், ஞாயிற்றுக்கிழமை கால்பந்தில் அதே காரியம் குற்றம்.

விளைவு? இடைவேளை 15 நிமிடம். ஸ்டாண்டுக்கு அடியில் இருக்கும் நடைபாதையில் ஆயிரக்கணக்கானோர் பீருக்கும் கழிப்பறைக்கும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பார்கள். வாங்கியதை நின்ற இடத்திலேயே கடகடவென்று ஊற்றிக்கொண்டு ஓட வேண்டும். குடியைக் குறைக்க வந்த சட்டம் அவசரக் குடியைப் பழக்கிவிட்டது. 2021இல் அரசு கேட்டு டிரேசி கிரவுச் என்ற அப்போதைய எம்.பி. தலைமையில் நடந்த ஆய்வும் கீழ் டிவிஷன்களில் தளர்த்திப் பார்க்கலாம் என்றது. ஆண்கள் ஆட்டத்தில் இன்னும் அசையவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கண்ணாடி போட்ட சொகுசு அறைகளிலிருந்தும் ஆடுகளம் தெரியும் அல்லவா? அங்கேயும் இதே தடைதான். அதனால் மேட்ச் நேரத்தில் அறைக்குள் மது இருந்தால் திரையை இழுத்துவிடுவார்கள். பணம் கட்டியவருக்குத் திரை, கட்டாதவருக்கு நெரிசல்.

பை கொண்டுபோகலாமா? தண்ணீர் பாட்டில்?

பல இடங்களில் ஏ4 தாளை விடப் பெரிய பை கூடாது. இதைப் பட்டு அனுபவித்தே கற்றுக்கொண்டேன். இரண்டு வருடம் முன்பு திருச்சியிலிருந்து அக்கா பையன் வந்திருந்தான். பிள்ளைக்கு முதல் மேட்ச். மூன்று மாதம் முன்பே டிக்கெட் போட்டிருந்தேன். கிளப் பெயர் வேண்டாம். காலையில் லண்டன் சுற்றிவிட்டு நேரே போனோம், முதுகுப் பையோடு. உள்ளே ஒரு மழைச்சட்டை, எலுமிச்சை சாதம் கட்டிய டப்பா, தண்ணீர் பாட்டில். வாசலில் இருந்தவர் ஓர் அட்டைச் சட்டத்தைப் பையின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பை வைக்க இடம் உண்டா என்றால் இல்லை. எதிர்ப்பக்கத்துக் கடையில் பத்து பவுண்டுக்குப் பை பார்த்துக்கொள்கிறார்கள் என்று பக்கத்தில் நின்றவர் காதில் சொன்னார். அங்கே ஏற்கெனவே நாற்பது பை அடுக்கியிருந்தது. கடைக்காரருக்கு மேட்ச் நாள் ஒவ்வொன்றும் தீபாவளி.

எலுமிச்சை சாதத்தை நடைபாதையில் நின்றே சாப்பிட்டோம். பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால், அதன் மூடியைக் கழற்றி ஒரு வாளியில் போட்டார்கள். மூடியோடு நிறைந்த பாட்டில் எறிகிற பொருளாகுமாம். வாளி நிறைய நீலமும் வெள்ளையுமாய் மூடிகள். பையன் மூடியில்லாத பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேட்ச் முழுக்க உட்கார்ந்திருந்தான். கோல் விழுந்து எல்லோரும் குதித்தபோது முன்வரிசைக்காரர் முதுகு நனைந்தது. நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டார்.

விதியில் காரணம் இல்லாமல் இல்லை. 2015இல் பாரிஸ் மைதான வாசலில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. பை சோதனை கடுமையானதற்கு அதுவும் ஒரு காரணம். என் கோபம் சோதனை மேல் அல்ல, பை வைக்க ஓர் அறை கட்டாததன் மேல்.

பெரிய கொடி கொண்டுபோகலாமா?

தீப்பிடிக்காத துணி என்று சான்றிதழ் வேண்டும். சிரிக்க வேண்டாம். 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டில் மர ஸ்டாண்ட் எரிந்து 56 பேர் இறந்தார்கள்.

எதிரணி ஜெர்சி போட்டுக்கொண்டு உள்ளூர் ரசிகர் பகுதியில் உட்காரலாமா?

கூடாது. ஊரிலிருந்து வருகிறவர்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். ஆர்சனல் ரசிகர் ஒருவர் கிடைத்த டிக்கெட்டில் எதிரணி மைதானத்துக்குப் போகிறார், உள்ளே சிவப்புச் சட்டை. பார்த்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். சட்டையை மறைத்துக்கொண்டு போனாலும் கோல் விழும்போது வாய் தன்னால் கத்திவிடும். அப்போதும் வெளியேதான், காசு திரும்பாது. டிக்கெட்டோடு வரும் விதிமுறைகளில் எல்லாம் எழுதியிருக்கிறது. பேசாமல் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டுப் போங்கள், எதற்கும் கை தட்டிவையுங்கள்.

கடைசி நிமிடத்தில் போக முடியாமல் போனால் டிக்கெட்டை நண்பருக்கு விற்கலாமா?

பார்த்து. நம் ஊரில் பிளாக்கில் விற்பது என்றால் கூடுதல் விலைக்கு விற்பது. இங்கே 1994 சட்டப்படி கால்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் விற்பதே குற்றம், வாங்கிய விலைக்கு விற்றாலும்கூட. எதிரெதிர் ரசிகர்கள் கலந்து உட்காரக் கூடாது என்பதற்காக வந்த சட்டம். கிளப்பின் சொந்த மறுவிற்பனை ஏற்பாடு வழியாகத்தான் போக வேண்டும்.

சட்டத்தின் நோக்கம் சரி. ஆனால் இப்போது டிக்கெட் எல்லாம் போனுக்குள் போய்விட்டது. கிளப் யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கு வைக்கிறது. சீசன் டிக்கெட் வைத்துக்கொண்டு குறிப்பிட்ட எண்ணிக்கையில் வராவிட்டால், அல்லது விட்டுக்கொடுக்காவிட்டால், அடுத்த வருடம் புதுப்பிக்க மாட்டோம் என்கிறார்கள் சில கிளப்கள். நாற்பது வருடமாக ஒரே இருக்கையில் உட்கார்ந்தவருக்கு முட்டி அறுவை சிகிச்சை நடந்தால்? கிளப்புக்கு எழுதி விளக்க வேண்டும். ஸ்மார்ட்போன் பிடிக்கத் தெரியாத பெரியவர்கள் பேரனை எதிர்பார்த்து வாசலில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். சந்தேகக் கண்ணோடு வந்த ஒரு விதி, மெல்ல மெல்ல வியாபாரக் கருவியாகிவிடுகிறது. வராத ரசிகரின் இருக்கையை 66 பவுண்டுக்கு விற்கலாம் அல்லவா?

உற்சாகத்தில் ஆடுகளத்துக்குள் ஓடினால்?

1991 முதல் அதுவே குற்றம். நீதிமன்றம் தடை உத்தரவு போட்டால் குறைந்தது மூன்று வருடம் மைதானப் பக்கம் போக முடியாது. தேசிய அணி வெளிநாட்டில் ஆடும்போது பாஸ்போர்ட்டையே ஒப்படைக்கச் சொல்லலாம். வேண்டவே வேண்டாம்.

டிவிப் பணம் கோடிகோடியாகக் கொட்டுகிறதே, டிக்கெட் விலையை ஏன் ஏற்ற வேண்டும்?

இதுதான் ரசிகர்கள் தலையில் அடித்துக்கொள்கிற இடம். 2025-26 முதல் நான்கு பருவங்களுக்கு பிரிட்டனுக்குள்ளான ஒளிபரப்பு உரிமை மட்டும் 670 கோடி பவுண்ட். ரூபாய் அல்ல, பவுண்ட். வெளிநாட்டு உரிமை தனி.

கிளப்கள் சொல்லும் பதில், செலவு ஏறிவிட்டது, ஆட்டக்காரர் சம்பளம் ஏறிவிட்டது, நஷ்டத்துக்கு வரம்பு இருக்கிறது. மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் கூடாது என்று பல ஆண்டுகளாக லீக்கில் ஒரு விதி இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50,000 பேர் உட்காரும் மைதானம், வருடத்துக்கு 19 உள்ளூர் லீக் மேட்ச். டிக்கெட்டுக்குப் பத்து பவுண்ட் ஏற்றினால் 95 லட்சம் பவுண்ட் கூடுதலாக வரும். வாரம் மூன்று லட்சம் பவுண்ட் வாங்குகிற ஒரு நட்சத்திரத்தின் ஒரு வருடச் சம்பளம் ஒன்றரைக் கோடியைத் தாண்டும். ஆக, ஐம்பதாயிரம் பேரும் மேட்சுக்குப் பத்து பவுண்ட் கூடக் கொடுத்தாலும் அந்த ஒரே ஒரு ஆளின் சம்பளத்துக்குப் போதாது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. கிளப்புக்குச் சோளப்பொரி, ஒரு அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கோ மாதாந்திர மளிகை.

அப்புறம் ஏன் ஏற்றுகிறார்கள்? சொல்லிக்கொள்ளாத கணக்கு ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். சீசன் டிக்கெட்காரர் மேட்சுக்கு ஐந்து நிமிடம் முன்பு வருவார், ஒரு தேநீர் குடிப்பார், போய்விடுவார். வாழ்க்கையில் ஒருமுறை வருகிற சுற்றுலாப் பயணி இரண்டு மணி நேரம் முன்பே வந்து ஜெர்சி, மஃப்ளர், குவளை எல்லாம் வாங்குவார். நம்மைப் போன்றவர்தான் அவர், என் அக்கா பையனும் அதில் ஒருவன். 2021 ஏப்ரலில் ஆறு இங்கிலாந்து கிளப்கள் ஐரோப்பிய சூப்பர் லீக் என்று தனியே போகப் பார்த்து, சில நாளில் ரசிகர் கோபத்தில் அது கவிழ்ந்தது நினைவிருக்கும். அந்தத் திட்டக்காரர்கள் உள்ளூர் ரசிகர்களைத் தங்களுக்குள் ‘மரபுவழி ரசிகர்கள்’ என்ற பொருள்படக் குறிப்பிட்டதாகச் செய்தி வந்தது. வீட்டு மூலையில் கிடக்கும் பாட்டி காலத்து அண்டா மாதிரி.

ரசிகர்கள் போராடி ஏதாவது கிடைத்ததா?

கிடைத்தது. எனக்குப் பிடித்த கதை 2016 பிப்ரவரி 6. லிவர்பூல் தன் புதிய பிரதான ஸ்டாண்டில் 77 பவுண்ட் டிக்கெட் ஒன்றை அறிவித்திருந்தது. சண்டர்லேண்டுடன் மேட்ச், லிவர்பூல் 2-0 முன்னிலை. 77ஆவது நிமிடம் வந்தது. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கிற மேட்சை விட்டு எழுந்து போவது எவ்வளவு கஷ்டம் என்று ரசிகருக்குத்தான் தெரியும். அவர்கள் போனபின் சண்டர்லேண்ட் இரண்டு கோல் போட்டு 2-2 ஆக்கியது. நான்கு நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உச்ச விலையை முன்பிருந்த 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள்.

அடுத்த மாதமே பிரீமியர் லீக்கின் இருபது கிளப்களும் கூடி, வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்ட் உச்சவரம்பு வைத்தன. 2016-17இல் வந்த அந்த வரம்பு பல தடவை நீட்டிக்கப்பட்டது. அதற்கான விதை 2013 ஜனவரியிலேயே விழுந்துவிட்டது. ஆர்சனல் மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களுக்கு டிக்கெட் 62 பவுண்ட். ஒதுக்கிய 3,000இல் சுமார் 900 டிக்கெட் விற்காமல் திரும்பிப் போனது. மேட்ச் முடிந்ததும் ஒரு துணை நடுவர் சிட்டி ஆட்டக்காரர்களிடம், அவர்கள் அங்கே 62 பவுண்ட் கொடுத்து வந்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று சொன்னது மைக்கில் விழுந்துவிட்டது. அவரை அடுத்த மேட்சிலிருந்து எடுத்துவிட்டார்கள்!

ஆனால் எல்லாப் போராட்டமும் பலிப்பதில்லை. 2024 ஏப்ரலில் லிவர்பூல் 2 சதவீதம் ஏற்றியபோது, அதன் மைதானத்தில் ரசிகர் கொடிகளுக்குப் பேர்போன கோப் ஸ்டாண்டில் ஒரு கொடி கூட இல்லாமல் இத்தாலியின் அட்டலான்டாவுடனான ஐரோப்பிய ஆட்டம் நடந்தது. டிவியில் பார்த்தால் வெள்ளையடிக்காத சுவர் போல இருந்தது. 3-0 தோல்வி வேறு. விலை இறங்கவில்லை. ஆனால் அதற்கடுத்த 2025-26 பருவத்துக்கு ஏற்றாமல் நிறுத்தினார்கள்.

மேட்ச் நேரத்தை மாற்றுவதும் குறையாமே?

ஆமாம், விலையில் தெரியாத விலை அது. சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் கால்பந்தை நேரலை காட்டக் கூடாது என்ற பழைய ஏற்பாடு இருக்கிறது, கீழ் டிவிஷன் மைதானங்கள் காலியாகக் கூடாது என்பதற்காக. ஆகவே டிவிக்கு வேண்டிய மேட்ச் எல்லாம் வெள்ளி இரவு, ஞாயிறு, திங்கள் இரவு என்று நகரும். நியூகாசிலிலிருந்து லண்டனுக்கு வந்தவருக்குத் திங்கள் இரவு மேட்ச் முடிந்து ஊர் திரும்ப ரயில் கிடையாது. முன்கூட்டியே மலிவாக எடுத்த ரயில் டிக்கெட்டும் போச்சு. 30 பவுண்ட் மேட்சுக்கு 150 பவுண்ட் அலைச்சல்.

ஜெர்மனியில் மட்டும் எப்படி மலிவு?

அங்கே கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். 50+1 என்பார்கள். சில விதிவிலக்குகள் உண்டு. டார்ட்மண்ட் கிளப் மைதானத்தின் தெற்கு ஸ்டாண்டில் மட்டும் சுமார் 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். ரசிகரைக் கறவை மாடாக நாங்கள் பார்ப்பதில்லை என்று பயர்ன் மியூனிக் கிளப்பின் தலைவராக இருந்த உலி ஹோனஸ் ஒருமுறை சொன்னார். வியாபாரத்தில் கெட்டிக்காரரான அவரே சொன்னதுதான் விஷயம். அங்கேயும் ரசிகர்கள் சும்மா இருப்பதில்லை. 2024இல் லீக்கில் வெளி முதலீட்டாளர் வரப் பார்த்தபோது வாரக்கணக்கில் டென்னிஸ் பந்துகளை ஆடுகளத்தில் எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரி முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டது.

பிரிட்டிஷ் அரசு விலைக்கு வரம்பு போடாதா?

போடாது. 2025இல் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, தனி ஒழுங்குமுறை அமைப்பு வந்திருக்கிறது. கிளப்பின் சின்னம், நிறம், மைதானம் மாற்றுவது போன்றவற்றில் ரசிகர்களுக்குக் குரல் உண்டு. டிக்கெட் விலை பற்றி ரசிகர்களிடம் கலந்து பேச வேண்டும். கேட்க வேண்டும் என்பதும் கேட்டபடி நடக்க வேண்டும் என்பதும் ஒன்றல்ல, வீட்டில் மாமியாரைக் கேட்கிற மாதிரிதான்.

2026 உலகக் கோப்பையில் இது இன்னும் மோசமானதா?

மோசம்தான். தேவைக்கேற்ப விலை ஏறி இறங்கும் முறையை, விமான டிக்கெட் போல, உலகக் கோப்பைக்கும் கொண்டுவந்தது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா. போட்டியை நடத்தும் நாடுகள் விண்ணப்பித்தபோது 21 டாலரிலிருந்து டிக்கெட் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2025 டிசம்பரில் அணிகளின் ரசிகர்களுக்கு ஒதுக்கிய டிக்கெட் விலை வெளிவந்தபோது இறுதி ஆட்டத்துக்கு மிகக் குறைந்ததே 4,000 டாலரைத் தாண்டியது. ஐரோப்பிய ரசிகர் அமைப்பு இதைத் துரோகம் என்றது. எதிர்ப்புக் கிளம்பியதும், அந்த ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்கை மட்டும் 60 டாலருக்குத் தர ஃபிஃபா இறங்கி வந்தது. மறுவிற்பனைத் தளமும் ஃபிஃபாவுடையதே. விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம். பிளாக்கில் விற்பவனைத் துரத்திவிட்டு அவன் கடையில் தானே உட்கார்ந்த மாதிரி.

சரி, நான் லண்டன் வருகிறேன். எங்கே போய்ப் பார்க்கலாம்?

பெரிய கிளப் ஆசை இருந்தால் போய்வாருங்கள், ஆயுசுக்கும் சொல்லிக்கொள்ளலாம். கிளப்பின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள், ஏ4 அளவுக்குள் பை, சாம்பல் ஸ்வெட்டர். ஆனால் ஒரு சனிக்கிழமை மிச்சமிருந்தால் கீழே இறங்கிப் பாருங்கள். கிழக்கே லெய்டன் ஓரியன்ட் இருக்கிறது, ஓரளவு கைக்கு அடக்கம். தெற்கே டல்விச் ஹாம்லட், அரைத் தொழில்முறை கிளப், இளஞ்சிவப்பும் நீலமும் நிறம்.

1985 மதுச் சட்டம் லீக் அடுக்கில் மேலே உள்ள ஐந்து நிலைகளுக்குத்தான். டல்விச் அதற்கும் கீழே. ஆகவே வேலியோரம் கையில் பீரோடு நிற்கலாம், உட்காரச் சொல்ல ஆள் வராது. பாதி ஆட்டத்தில் எழுந்து அடுத்த கோல் போஸ்ட் பக்கம் நடந்து போகலாம். அந்தத் திருச்சிப் பையனை மறுவாரம் அங்கேதான் அழைத்துப் போனேன். பையைத் திறந்தே பார்க்கவில்லை. ஆட்டம் சுமார்தான், பந்து இரண்டு தடவை வெளியே பறந்தது. அவன் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மூடியைத் திருகி, பாட்டிலைப் புல்லில் சாய்த்துப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டினான்.